கழுதை உதைத்த மாவீரர்

கெர்வாப் பொட்டலுக்கு யாராவது வந்தால் நாங்கள் முதலில் அவர்கள் செருப்பைத்தான் பார்ப்போம். உப்புப் படிந்திருந்தால் எங்கள் ஆள். புழுதி மட்டும் இருந்தால் வடக்கு நாட்டுத் தாரோஸ்காரன் அல்லது தெற்கு நாட்டு ஒல்மாக்காரன். இரண்டில் எவனாக இருந்தாலும் ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டுத்தான் பேச்சுக் கொடுப்போம். அன்றைக்கு வந்தவர்களின் செருப்பு பளபளவென்று இருந்தது. மூன்று நாள் பொட்டலில் நடந்து வந்தும் பளபளப்புப் போகவில்லையென்றால் துடைப்பதற்கென்றே ஓர் ஆள் கூட வந்திருக்க வேண்டும்.

"வரிக்காரனா இருக்குமா அண்ணே?" என்று கேட்டாள் ஹெஸ்கா. என் சித்தப்பா மகள். அடுத்த வீடு.

"வரிக்காரன்னா தராசு கொண்டாருவான். இவனுங்க மண்வெட்டி கொண்டாந்திருக்கானுங்க."

"அப்ப வரிக்காரனே பரவால்ல," என்றாள்.

வந்தது தாரோஸ் அரச வரலாற்று மன்றம். தலைவர் வல்மிர் ஒஸ்டேன். பருத்த உடம்பு. ஒவ்வொரு வாக்கியத்தையும் கல்லில் வெட்டப்போகிறார்கள் என்ற நினைப்பில் இடைவெளி விட்டுப் பேசுவார். அவருக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர், பின்ட்ரு காஸ். அவருடைய பதவிக்கு ஐய அலுவலர் என்று பெயர். மன்றத்தில் எதை எழுதுவதானாலும் அதற்கு முன் அதை மூன்று தடவை சந்தேகப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைச் செய்யத்தான் அவருக்குச் சம்பளம். நான் ஒரு குவளை பால் கொடுத்தேன். "இது ஆட்டுப்பால்தானா?" என்றார். ஆமாம் என்றேன். இன்னும் இரண்டு தடவை அதையே கேட்டுவிட்டுக் குடித்தார்.

அவர் இடுப்பில் ஒரு சுருக்குப்பையில் பொய்க்கல் தொங்கியது. மலைக்கு அந்தப்புறத்துச் சூனியக்காரர்கள் செய்வது. பக்கத்தில் யாராவது பொய் சொன்னால் வெள்ளைக்கல் கறுத்துப்போகும், பிறகு தானாக வெளுக்கும். மன்றத்தின் கல் இருபது வருடமாக மன்றத்திலேயே இருந்ததால் வெளுப்பதை விட்டுவிட்டது.

எங்கள் பத்து வீட்டு ஆட்களையும் கிணற்றடியில் உட்கார வைத்து ஒஸ்டேன் பேசினார்.

"முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மாமன்னர் அர்வெமுண்ட் இதே நிலத்தில் தீ கக்கும் பறவைநாகத்தின் மேல் ஏறிவந்து, ஒல்மாவின் நாற்பதாயிரம் பேரை எரித்துச் சாம்பலாக்கினார். அந்தத் தீயின் உக்கிரத்தால் இன்றுவரை இங்கே புல் முளைப்பதில்லை. மனிதர் வாழ்வதில்லை. அந்த வெற்றியின் முந்நூறாம் ஆண்டு விழாவுக்காக, இங்கே மனிதர் வாழ்வதில்லை என்பதை நேரில் உறுதிசெய்துகொண்டு போக வந்திருக்கிறோம். உங்கள் எல்லோருடைய ஒத்துழைப்பும் தேவை."

ஒல்மாவின் புத்தகத்திலும் இதே கதைதான் இருக்கிறது. மன்னர் பெயர் மட்டும் வேறு. எங்களுக்குத் தெரிந்த கதை கொஞ்சம் சின்னது. தாரோஸ் படை பொட்டலின் வடக்குக் கோடியில் வந்து காத்திருந்தது. ஒல்மா படை தெற்குக் கோடியில் காத்திருந்தது. நடுவில் ஆறு நாள் நடை தூரம். எதிரி வரட்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததில் இரண்டு படைக்கும் வயிற்றுப்போக்குக் கண்டது. பறவைநாகத்துக்கு வயதாகிவிட்டதால் அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அது எங்கள் ஊரில் நாற்பது ஆட்டைத் தின்றுவிட்டு, செரிக்காமல் கிணற்றோரம் செத்துப்போனது. இரண்டு மன்னர்களும் ஊருக்குப் போய் ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்தச் சந்தையிலும் எங்களுக்கு விதை விற்பதில்லை. எந்த ஊர் என்று கேட்பான். கெர்வா என்றதும் மூட்டையின் வாயைக் கட்டிவிடுவான். அங்கேதான் எதுவும் முளைக்காதே, வரலாற்றுக்கு விரோதமாக எதற்கு வம்பு என்பான்.

இதையெல்லாம் எங்கள் ஊரில் ஒருவரும் ஒஸ்டேனிடம் சொல்லவில்லை. பளபளக்கும் செருப்புக்காரனிடம் எதுவும் சொல்லக்கூடாது.

மறுநாள் தோண்ட ஆரம்பித்தார்கள். விழாவுக்கு ஒரு மாவீரரின் எலும்பு வேண்டுமாம். தலைநகரில் சலவைக்கல் மண்டபம் கட்டி முடித்தாகிவிட்டது, உள்ளே வைக்க ஆள்தான் இல்லை. முதல் நான்கு நாளும் ஆட்டெலும்பு வந்தது. எதிரியின் குதிரைப்படை என்று எழுதிக்கொண்டார்கள்.

"குதிரைக்குக் கொம்பு இருக்குமாய்யா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"ஒல்மாக்காரர்களின் குதிரைக்கு இருந்திருக்கலாம்," என்றார் ஒஸ்டேன். "அவர்களிடம் எதையும் நம்ப முடியாது."

ஐந்தாம் நாள் ஹெஸ்கா ஆட்டை ஓட்டிக்கொண்டு உப்புக்குழிப் பக்கம் போயிருந்தாள். நான் கம்பளி மயிர் விற்க அடுத்த குடியிருப்புக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். அங்கேதான் அவள் அப்பா ஓர்லோ, என் சித்தப்பா, கிடந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் காய்ச்சலில் போனவர். கழுதை வைத்து அந்தப்புறம் உப்பும் இந்தப்புறம் கம்பளியும் ஏற்றிக்கொண்டிருந்தவர். வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஹெஸ்கா தினமும் அவர் மேல்தான் ஊற்றுவாள், அந்த இடம் காய்ந்து போகாதிருக்கட்டும் என்று. அதனால் அந்த ஓர் இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தது. மாவீரரின் குருதி பட்ட மண்ணில்தான் பசுமை இருக்கும் என்று மன்றத்தின் கையேட்டில் எழுதியிருக்கிறதாம்.

ஹெஸ்கா வந்து சேர்ந்தபோது எலும்புகளைப் பட்டில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்கப்பா," என்றாள்.

ஒஸ்டேன் இடது கால் எலும்பை எடுத்துக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. "பார் அம்மா. கதாயுதத்தால் விழுந்த அடி. எதிரித் தளபதியே நேரில் இறங்கி அடித்திருக்கிறான்."

"அது கழுதை உதைச்சது."

"எந்தக் கழுதை?"

"எங்க கழுதை. அதோ நிக்குதே, அதோட தாய்."

காஸ் பொய்க்கல்லை வெளியே எடுத்தார். கறுப்பாக இருந்தது. "பொய்," என்று எழுதிக்கொண்டார்.

"வெளிய எடுக்கும்போதே கறுப்பாத்தானேய்யா இருந்துச்சு."

"நீ சொல்லப்போவது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது," என்றார் ஒஸ்டேன். "மிக நுட்பமான கல்."

கொடி கட்டிய வண்டியில் சித்தப்பாவை ஏற்றினார்கள். இரண்டு பேர் ஊதுகொம்பு ஊதினார்கள். ஹெஸ்கா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனாள். ஒரு காவலன் மரியாதையாகவே அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். மாவீரரின் வண்டி என்பதால் அதட்டக்கூடாது என்று உத்தரவாம்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் யாருடனும் சகஜமாகப் பேசவில்லை. அந்த இடத்தை யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு எண்ணம். கிணற்றடியில் ஆள் இருந்தால் தண்ணீர் எடுக்காமல் திரும்பிவிடுவாள். பதினோராம் நாள் என்னிடம் வந்தாள்.

"நீதானே அண்ணே அந்தாளுக்குப் பால் குடுத்தே."

"பால் குடுத்தேன். உங்கப்பனையா குடுத்தேன்?"

"உன்னைத் தவிர எல்லாரையும் விசாரிச்சிட்டேன். எவனும் ஒத்துக்கல. சரி, தலைநகரத்துக்கு வர்றியா? தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. நீ கூட வந்தா உன்னையும் ஒரு கண்ணு பாத்துக்கலாம்."

ஏழு நாள் கழுதையோடு நடந்தோம்.

மண்டபத்துக்கு வெளியே வரிசை இரண்டு தெரு நீளம் இருந்தது. கையில் பூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்றதால் நானும் அவளும் ஆளுக்கொரு கொத்து வாங்கிக்கொண்டோம். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் சித்தப்பா பொன்னிறத் துணி மேல் படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு வாள். அவர் வெங்காயம் நறுக்கும் கத்தியைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர். முன்னால் நின்ற அம்மாள் விசும்பி விசும்பி அழுதுவிட்டு, ஹெஸ்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"உங்க வீட்லயும் யாராச்சும் அடிபட்டுப் போனாங்களா தாயி?"

"எங்கப்பாவுக்குக் கால் போச்சு."

"எந்தச் சண்டையில?"

"கழுதையோட."

அந்த அம்மாள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். தலைநகரத்தில் யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. அதில் மட்டும் அவர்கள் எங்களைப் போலத்தான்.

மன்றத்தில் ஒஸ்டேன் எங்களை உட்காரச் சொன்னார். தேன் கலந்த பானம் வந்தது. நாங்கள் தொடவில்லை.

"அம்மா, உன் துயரம் எனக்குப் புரிகிறது," என்றார். "ஆனால் யோசித்துப் பார். இவர் உன் தந்தை என்றால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கெர்வாவில் இறந்திருக்கிறார். அங்கே இறந்தார் என்றால் அங்கே வாழ்ந்திருக்கிறார். அங்கே மனிதர் வாழ்வதில்லை என்பது அரசரின் முத்திரை பதித்த வரலாறு. அதை மறுப்பவருக்குத் தண்டனை உண்டு. மறுக்காமல், இவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவர் என்று ஒப்புக்கொண்டால் நீ அவருடைய மகளாக இருக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் நீ வீணாக அலைந்திருக்கிறாய்."

"நீங்களே வந்து பாத்தீங்களேய்யா. எங்க கிணத்துத் தண்ணியக் குடிச்சீங்க. இந்த அண்ணன்கிட்டப் பால் வாங்கினீங்க."

"பார்த்தேன். ஒரு வரலாற்றாளன் கண்ணால் பார்ப்பதையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தால் இந்த நாற்காலிக்கு வந்திருக்க முடியாது. நான் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கும் அந்தப் பலவீனம் இருந்தது. மூத்தவர்கள் திருத்தினார்கள்." அவர் குரல் கனிந்தது. "உன் தந்தை உயிரோடு இருந்தபோது அவரை யாருக்குத் தெரியும்? ஒரு கழுதைக்குத் தெரியும். இன்று நாடே வணங்குகிறது. நாங்கள் அவரை எடுத்துக்கொள்ளவில்லை அம்மா. அவரை அவராக இருப்பதிலிருந்து விடுவித்தோம். வேண்டுமானால் ஒன்று செய்கிறேன். மாவீரர் வழித்தோன்றல் என்று ஒரு சீட்டுத் தருகிறேன். ஆண்டுவிழாவில் மூன்றாம் வரிசையில் உட்காரலாம். தூண் மறைக்கும். ஆனால் காதில் விழும்."

சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். வாங்காவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று பிற்பாடு சொன்னாள்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். நான் ஊருக்குக் கிளம்புவோம் என்றேன். அவள் எதிரே இருந்த தாரோஸ் வீரர்களின் கற்சிலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிவேளையில் காஸ் ஒரு ரொட்டியோடு வந்து தனியாக உட்கார்ந்தார். அவரோடு சேர்ந்து யாரும் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது. ரொட்டியை இரண்டாகப் பிய்த்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் கடித்தார்.

ஹெஸ்கா எழுந்து போய் அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"ஐயா, எல்லாத்தையும் மூணு தடவை சந்தேகப்படணும்னு சொன்னாங்களே. எங்க... அந்த மாவீரரையும் மூணு தடவை சந்தேகப்பட்டீங்களா?"

காஸ் மென்றுகொண்டே யோசித்தார். "ரெண்டு தடவை. மூணாவதுக்குள்ள தலைவர் விழாத் தேதிய அறிவிச்சிட்டார்."

"அப்ப ஒண்ணு பாக்கி."

"பாக்கிதான். ஏன் கேக்குற?"

"சும்மாத்தான். இந்தச் சிலையப் பாத்தேன். தாரோஸ் வீரனுக்குக் கேடயம் நீளமா, இடது கால் மூடுற அளவுக்கு இருக்குது. அந்தக் காலத்துலயும் இப்படித்தானா?"

"அப்படித்தான்."

"ஒல்மாக்காரனுக்கு?"

"அவங்களுக்கு ரொட்டித் தட்டு அளவுல வட்டக் கேடயம்."

"அப்ப இடது கால்ல அடி வாங்குனவன் எந்த ஊர்க்காரனா இருப்பான்?"

காஸ் மெல்லுவதை நிறுத்தினார். அவ்வளவு நேரம் சாப்பாட்டில் சிவந்திருந்த முகம் மெல்ல வெளுத்தது.

"நான் ஒண்ணும் சொல்லலய்யா," என்றாள் ஹெஸ்கா. "பொட்டல்காரி. எனக்கு என்ன தெரியும்?"

அவர் கை தன்போக்கில் இடுப்புப்பைக்குப் போய் கல்லை வெளியே எடுத்தது. கறுப்பாக இருந்தது.

"அது எப்பவும் அப்படித்தானேய்யா," என்றாள்.

"ஆமா," என்றார் காஸ். அவர் ஒன்றை ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மீதி ரொட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

மறுநாள் காலையில் மண்டபத்தைப் பூட்டியிருந்தார்கள். உள்ளே சலவைக்கல்லைக் காடி ஊற்றிக் கழுவும் வாடை தெருமுனைவரை வந்தது. பூ வைத்தவர்கள் எல்லோரும் வந்து தங்கள் பூவை அடையாளம் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். அழுதவர்களுக்குத் தனி வரிசை. ஒல்மாக்காரனுக்காக அழவில்லை, பொதுவாகத்தான் அழுதேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முந்தின நாள் விசும்பிய அம்மாள் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, "என்னைவிட இவ அதிகமா அழுதா," என்று எழுத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒஸ்டேன் மாடத்தில் வந்து நின்று அறிக்கை படித்தார்.

"இது ஒல்மாவின் சதி. நாம் இப்படி ஒரு மண்டபம் கட்டுவோம் என்று தெரிந்து, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் ஒருவனைத் தயார்செய்து, நாம் தோண்டும் இடமாகப் பார்த்துச் சாக வைத்திருக்கிறார்கள். மன்றம் விழிப்போடு இருந்ததால் தப்பித்தோம். இந்தச் சதியை நான் முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தேன். எதிரி அசந்திருக்கட்டும் என்றுதான் மாலை போட்டேன்."

கூட்டம் கைதட்டியது. கைதட்டாதவர்களை இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். நாங்களும் தட்டினோம். ஹெஸ்கா கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

எதிரியின் எலும்பு தாரோஸ் மண்ணில் இருக்கக்கூடாது என்று அன்றைக்கே ஒரு சாக்கில் கட்டி, எட்டுக் காவலர்களோடு அனுப்பினார்கள். வண்டிக்குப் பின்னால் நாங்கள் கழுதையோடு போனோம். முன்னால் போனால் ஏன் என்பார்கள். ரொம்பப் பின்னால் போனாலும் ஏன் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், உப்பு வாங்கப் போகிறவர்கள் மாதிரிப் போனோம்.

கெர்வா எல்லைக்கல்லில் வண்டியை நிறுத்தி, ஓர் எழுத்தர் அரச சாபத்தை முழுவதும் படித்தார். வெயில் தாங்காமல் நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். பிறகு சாக்கைத் தூக்கிப் பொட்டலில் வீசிவிட்டுப் போனார்கள். வண்டி மறைந்த பிறகும் ஹெஸ்கா என்னை, நாங்கள் ஒளிந்திருந்த பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்க விடவில்லை. கழுதை தானாக எழுந்துபோய்ச் சாக்கை முகர்ந்து பார்த்தது. அதற்கு அப்புறம்தான் நாங்களும் போனோம்.

அவள் சாக்கைப் பிரித்து, முந்தானையை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தலை. மார்புக்கூடு. கோணல் கால்.

"வலது கையில விரல் ஒண்ணு குறையுது அண்ணே."

"வண்டியில ஆடுனதுல விழுந்திருக்கும். போகட்டும் விடு."

"எப்படி விடுறது?"

வந்த வழியே பொழுது சாயும்வரை தேடினோம். கிடைக்கவில்லை.

பழைய பள்ளத்தில் வைக்க அவள் சம்மதிக்கவில்லை. அது மன்றத்தின் வரைபடத்தில் ஏறிவிட்டது. வேறு ஓர் இடம் பார்த்தாள். அங்கே போனதும் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள்.

"நான் உன் அண்ணன்டி."

"அதனாலதான். உன்னை அடிச்சுக் கேட்டா உனக்குத் தெரியாமலே இருக்கட்டும். திரும்பு."

திரும்பி நின்றேன். மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. ஒரே இடத்தில் தோண்டினாளா, மூன்று இடத்தில் தோண்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீரை அவள் வாசலிலேயே கொட்டினாள். அந்த வருடம் மழை கொஞ்சம் அதிகம். ஆடு மேய்க்கப் போகும்போது எங்கேயோ குனிந்து புல்லைப் பிடுங்கிவிட்டு வருவாள் என்று நினைக்கிறேன், கைநகத்தில் பச்சைக் கறை இருக்கும். நான் கேட்டதில்லை.

மழை விட்டு ஒரு மாதத்தில் ஒல்மாவின் வரலாற்று மன்றம் வந்து சேர்ந்தது. எங்கள் மாவீரரைத் தாரோஸ்காரர்கள் அவமதித்து வீசிவிட்டார்கள், அவருக்கு ஒல்மாவில் இதைவிடப் பெரிய மண்டபம் தயாராகிறது என்றார்கள். இவர்களின் தலைவர் இளைஞர், பணிவானவர். செருப்பு மட்டும் அதே பளபளப்பு. எட்டு நாள் பொட்டல் முழுக்கப் பச்சை இடம் தேடினார்கள். ஓர் இடத்திலும் இல்லை. கடைசி நாள் அந்தத் தலைவர் கிணற்றடிக்கு வந்து ஹெஸ்காவைக் கேட்டார்.

"ஏம்மா, இங்கே யாரையாவது புதைத்திருக்கிறார்களா?"

"இல்லீங்க."

"யாராவது செத்திருக்கிறார்களா?"

"யாராச்சும் இருந்தாத்தானேய்யா சாகறதுக்கு. இங்க யாரும் இருந்ததில்ல."

அவர் பத்து வீட்டையும், பட்டியில் இருந்த ஆட்டையும், கொடியில் காய்ந்த துணியையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டு எழுதிக்கொண்டார். எங்கள் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றார். கெர்வாவில் ஆதிமுதல் இன்றுவரை மனிதர் வாழ்ந்ததில்லை என்று அழகான எழுத்தில் எழுதி, அந்தத் தாளை அவளிடம் நீட்டினார்.

"உள்ளூர் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். விதி."

ஹெஸ்கா கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். இரண்டாம் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். காலியாக விடச் சொன்னார்.

அவர்கள் தெற்கே இறங்கிப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் கிணற்றுச் சுவரில் சாய்ந்தபடி அசையாமல் நின்றோம்.

"போயிட்டாங்களா அண்ணே?"

"போயிட்டாங்க."

"மேட்டுல ஏறி நல்லாப் பாரு."

ஏறிப் பார்த்தேன். எந்தத் திசையிலும் புழுதி இல்லை. இல்லை என்று கையை ஆட்டினேன். அப்புறம்தான் அவள் கிணற்றடியில் உட்கார்ந்து, விரலில் இருந்த மையைக்கூடத் துடைக்காமல், அப்பா என்று வாய்விட்டு அழுதாள்.